கையை எடுத்தால் நிற்கும் வண்டி

ரயில் பிரியர்களை உங்களுக்குத் தெரியும். ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்பவர்கள், இன்ஜின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் எல்லாம் பாவம், ஒன்றும் அறியாதவர்கள். இங்கே பார்க்கப்போவது வேறு இனம். கூண்டுக்காரர். பழைய சுரங்க ரயிலில் ஓட்டுநர் நிற்கிற அலமாரி அளவு அறையைத் தவிர மீதி வண்டி இவர் கண்ணில் படாது. வண்டி எங்கிருந்து எங்கே போனது, யார் ஏறினார்கள் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். பிரேக் கைப்பிடி எந்தப் பக்கம், இருக்கை மரமா தோலா, முதுகுக்குச் சாய்மானம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, முடிந்தால் தப்பித்துக்கொள்ளுங்கள்.

வெஸ்ட் வின்ட்சர் கிட்டுசாமி இந்த இனத்தின் முதல் தரம். ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம், உத்தியோகம் அமெரிக்காவில் சாப்ட்வேர். மற்றவர்கள் வீட்டு பேஸ்மென்டில் சினிமா பார்க்கத் திரை கட்டுவார்கள். இவர் 1932ஆம் வருஷத்து ஓட்டுநர் கூண்டு ஒன்றை ப்ளைவுட்டில் அங்குலம் பிசகாமல் கட்டியிருக்கிறார். இடது கைக்கு வேகக் கைப்பிடி, வலது கைக்கு பிரேக், மடக்கி இறக்கும் சின்னப் பலகை ஒன்று. விருந்துக்குப் போனால் இலை போடுவதற்கு முன்னால் நம்மைப் பலகையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்றுகொண்டு நாற்பது நிமிஷம் விளக்குவார். உள்ளே இருப்பவர் எங்கே போவார்?

"இடுப்பு வலிக்குதுங்களா? வலிக்கோணும்! அந்தக் காலத்துல எட்டு மணி நேரம் இந்தப் பலகைலதானுங்க அந்த மனுசன் டூட்டி பாத்தான். ஹீட்டர் கெடையாது, ஃபேன் கெடையாது. எவனாச்சும் கேட்டானுங்களா?"

சொல்லும்போதே கண் கலங்கிவிடும். என்றோ செத்துப்போன மோட்டார்மேன்களின் முதுகுக்காகக் கலங்குகிற கண் அது. மனைவி கலாவதியின் காரில் ஓட்டுநர் இருக்கையின் சாய்மானம் உடைந்து இரண்டு வருஷமாகிறது. கலாவதி ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து ஓட்டுகிறார். அந்தக் கார் சரித்திரத்தில் இடம்பிடிக்க இன்னும் அறுபது வருஷம் இருக்கிறது, அதுவரை பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

கூண்டில் கிட்டுசாமியின் செல்லம் அந்த இடது கைப்பிடி. ஓடும்போது அதை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ஓட்டுநர் மயங்கி விழுந்து கை நழுவினால் வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். இதைச் சொல்லும்போது கிட்டுசாமி இரண்டு கைகளையும் தூக்கி விரித்துக் காட்டுவார். கை இல்லாமல் அவருக்குப் பேச வராது. ஆறு வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். பேஸ்மென்ட் கூண்டு ஒருநாளும் நின்றதில்லை. ஓடினால்தானே நிற்பதற்கு?

ஒரு மணி நேரத் தூரத்தில் பழைய ரயில்களுக்கென்று ஒரு காட்சிசாலை இருக்கிறது. அரை மைல் தண்டவாளம், அதில் அசல் சுரங்க ரயில் பெட்டிகள் இரண்டு. தொண்டர்களுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களை ஓட்டவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் கிட்டுசாமிக்கு நூற்றுக்கு நூறு. கேள்வித்தாளில் இருந்த இரண்டு பிழைகளையும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். மீதி ஒரே ஒரு ஓட்டம்தான், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. நடுவில் மூன்று முறை அவசர பிரேக் விழுந்தால் போச்சு, அடுத்த பரீட்சைக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். வேறு யாராவது என்றால் சத்தம் போடாமல் போய் ஓட்டிவிட்டு வந்திருப்பார்கள். கிட்டுசாமி எட்டு குடும்பங்களைப் புளிசாத டப்பாக்களோடு வண்டியில் ஏற்றினார்.

பரிசோதகர் வால்ட்டர் முப்பது வருஷம் நிஜமாகவே சுரங்க ரயில் ஓட்டியவர். கூண்டுக் கதவோரம் சாய்ந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. ஓட்டியவர்கள் அப்படித்தான்.

வண்டி அசைந்தது. கிட்டுசாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் கோபாலசாமி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கிட்டு, உள்ள ரொம்பக் குறுகலா இருக்கே?"

"ஆமாங்கண்ணா, மொத்த அகலமே இவ்வளவுதானுங்க…" என்று கிட்டுசாமி இரண்டு கைகளாலும் அளந்து காட்டினார்.

புஸ்ஸென்று காற்று இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. ஒரு டப்பா புளிசாதம் எதிர் பெஞ்சுக்குப் போனது.

"ஒன்று," என்றார் வால்ட்டர் அவர் பாஷையில்.

பிரேக்குக்கு மறுபடி காற்று ஏறும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். வண்டி கிளம்பியது. ஏன் நின்றது என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டாமா? கிட்டுசாமி இருக்கும்போது வேறு யார் சொல்வது?

"யாரும் பயப்படாதீங்க! வண்டில கோளாறு ஒண்ணும் இல்லீங்க. நான் கைய இப்படி எடுத்தனா…"

"இரண்டு."

"டாட், ஹேண்ட்ஸ்!" என்று கத்தினாள் மகள் எழிலரசி. கலாவதி எழுந்து வந்து காதோரம் சொன்னார்: "ஏனுங்க, இன்னுங் கொஞ்ச தூரந்தானுங்க. வாயத் தொறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கிட்டுசாமி உதட்டைக் கடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் ஒட்டியது. கைப்பிடியைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். முடிவுக் கம்பம் தெரிந்துவிட்டது. ஐம்பது அடி. முப்பது அடி. இன்று மட்டும் தேறிவிட்டால் வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போது கோபாலசாமி பக்கத்திலிருந்தவரிடம் சாவகாசமாகச் சொன்னார்: "இந்த சுரங்க ரயிலெல்லாம் அந்தக் காலத்துல டீசல்லதான் ஓடிண்டிருந்தது."

ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவார்? சுரங்கத்துக்குள் டீசலா? புகை எங்கே போகும்? கூண்டுக்குள் நிற்கிற அந்த மோட்டார்மேன் என்ன ஆவான்?

"அண்ணா!" என்று கிட்டுசாமி அலறினார். இரண்டு கைகளும் கூரையைத் தொட்டன.

"மூன்று," என்றார் வால்ட்டர். கம்பத்துக்கு இன்னும் இருபது அடி இருந்தது. பரீட்சைத் தாளில் அவர் ஒரே ஒரு வரி எழுதினார்: 'கைப்பிடி நன்றாக வேலை செய்கிறது.'

திரும்பும்போது கலாவதி கார் ஓட்டினார். பக்கத்தில் கிட்டுசாமிக்கு அழுகை முட்டியது. இருபதே அடி! கலாவதி நழுவிய தலையணையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"கலா, அந்த வண்டில முதுகுக்கு என்ன பிரச்னைன்னு கேட்டீன்னா…" என்று ஆரம்பித்தார் கிட்டுசாமி. இரண்டு கைகளும் எழுந்தன. கார் நிற்கவில்லை. கார்களுக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை.

நல்லவேளை, நாம் இப்படி இல்லை என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், பிரேக் விழுவது அப்படியில்லையே, எழுதியவனுக்கு விஷயம் தெரியவில்லை என்று பக்கத்திலிருப்பவரிடம் விளக்க நிமிர்ந்தீர்களே, அப்போது புத்தகத்தைப் பிடித்திருந்த உங்கள் கை எங்கே போனது?

ஒன்று.