கண்ணாடி மாட்டிக்கொண்டு சம்பந்தம் பேசியவன்

கூச்சக்காரனுக்குப் பெண் பிறந்தால், வரன் பார்க்கும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும். என் மகளுக்கு வந்த முதல் இரண்டு வரன்களும் என் வாயால்தான் கெட்டன. திறந்து கெடுக்கவில்லை; திறக்காமலேயே கெடுத்தேன். "அப்பன்காரன் ஒரு வார்த்த பேசலியே, புடிக்கல போலிருக்கு" என்று எழுந்து போய்விட்டார்கள்.

மூன்றாவது வரன் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்தது. முதலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் பார்த்துக்கொள்வோம் என்று நெய்வேலி டவுன்ஷிப் பொருட்காட்சிக்கு வரச் சொன்னார்கள். போய் நின்றதுமே எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"பொண்ணப் பெத்தவராட்டமா இருக்கீங்க? திருடி மாட்டிக்கினவராட்டம் முழிக்கிறீங்க" என்றாள் என் மனைவி.

ஏற்கெனவே எனக்குப் பிரஷர். உடம்பை அசைத்தால் மன அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். (மைன்ஸில் நிலக்கரியைச் சுமந்து ஓடும் நீளமான பெல்ட்டிலிருந்து சிந்துவதை ஷிப்ட் முழுக்க வாரிப் போடுகிறவன் நான். இன்னும் எதை அசைப்பது?) பொருட்காட்சியில் ஒரு கடையில், மன அழுத்தம் போக்கும் விளையாட்டு என்று போர்டு. கண்ணை முழுதாக மூடும் பெரிய கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். உள்ளே வேறொரு உலகம் தெரியும். எதிரே வருவதைக் குத்தி உடைக்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷம் ஆடுப்பா, டென்ஷன் போயிடும். அவங்க வர நேரமிருக்கு" என்று மகள் தள்ளிவிட்டாள். கைக்கொரு பிடி கொடுத்தார்கள்.

உள்ளே கறுப்பாக ஒரு நீளப் பாதை. அதில் கட்டி கட்டியாக ஏதோ என்னை நோக்கி ஓடிவந்தது. மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அது ஓடும் பெல்ட். அதன் மேல் நான் நிற்கிறேன்.

எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்றுதான். பெல்ட்டின் ஓரமாக இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு போகும். ஆபத்தென்றால் அதை இழு, பெல்ட் நின்றுவிடும். நிற்கும்வரை விடாதே.

பிடியைப் போட்டுவிட்டு வலப்பக்கம் கையை நீட்டினேன். (நம்புங்கள்) கயிறு இருந்தது. கையில் சுற்றி இழுத்தேன். பெல்ட் நிற்கவில்லை. "பெல்ட் மேல ஆள் நிக்கிறான், நிறுத்துங்கடா" என்று கத்தியபடி இன்னும் பலமாக இழுத்தேன். கயிறு இருமியது.

இத்தனை வருஷ சர்வீஸில் எந்தக் கயிறும் என்னிடம் இருமியதில்லை.

"நின்னுடுச்சிங்க... வுடுங்க" என்றது கயிறு.

மகள் கண்ணாடியைப் பிடுங்கினாள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த மாப்பிள்ளையின் அப்பா பாதி குனிந்திருந்தார். அவர் கழுத்துத் துண்டு என் கையில் இரண்டு சுற்று. மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதும் போயிற்று.

இந்த முறையாவது ஏதாவது பேசியாக வேண்டும். கயிற்றை இழுத்தவன்தான் அதைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது எங்கள் வேலை முறை. துண்டை அவர் தோளில் நீவிவிட்டு, "ரீசெட் பண்ணிட்டேங்க" என்றேன்.

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே, "மைன்ஸ்ல என்ன வேல?" என்றார்.

"பெல்ட் கிளீனிங்குங்க. கான்ட்ராக்ட்டு."

"நானும் பெல்ட்லதான் ரிட்டையர் ஆனேன். கயித்த இழுக்காம ஓடுறவனுங்களயே பாத்துகினு இருந்தேன். நீங்க கடைசி வரைக்கும் வுடலியே." பிறகு என் மனைவியிடம் திரும்பி மெதுவாக, "பொண்ணு கொணம் உங்களாட்டம்தானம்மா?" என்றார்.

கல்யாணம் நடந்தது. மேடையில் வழக்கப்படி சம்பந்திக்குத் துண்டு போர்த்த நான் நெருங்கியபோது, மனிதர் இரண்டடி பின்வாங்கினார். மண்டபமே சிரித்தது. இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், செருப்புக்கு முன் துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுவார். அப்புறம் எனக்கு இடது பக்கமாகப் பார்த்து உட்காருவார்.