முயற்சி: பத்துக்கு ஒன்பது

மேலாளரை முந்திவிட்டோம் என்பது நீச்சல்குளத்துச் சுவரைத் தொட்ட பிறகுதான் குமாஸ்தாவுக்கு உறைத்தது. பதறிப்போனான்.

பதறாமல் என்ன செய்வான்? மனைவியும் கைக்குழந்தையும் வேறு ஊரில். மாற்றல் கேட்டு அவன் கொடுத்த மனு மேலாளரின் மேஜையில். இந்த நேரம் பார்த்தா தலைமை அலுவலகத்துக்கு டிரையத்லான் ஆசை வரவேண்டும்? ஓட ஒருவர், சைக்கிள் மிதிக்க ஒருவர் கிடைத்துவிட்டார்கள். கடலில் நீந்த மட்டும், நீச்சல் தெரிந்த மேலாளர், குமாஸ்தா இருவரில் வேகமானவர் போகவேண்டுமாம்.

நல்லவேளை, பயிற்சியாளர் அம்மாள் தூரத்தைப் பார்ப்பதில்லை. "எத்தனை தடவை போய் வந்தீங்கன்னு எனக்குக் கணக்கு வேணாம். அஞ்சு நிமிஷம் நீந்துங்க. எவ்வளவு முயற்சி போட்டீங்கன்னு பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க. ஒண்ணுன்னா சும்மா மிதக்கறது. பத்துன்னா உயிரைக் கொடுக்கறது. இப்ப எட்டு!"

குமாஸ்தா மூன்று போட்டு நீந்திவிட்டு, மூச்சு வாங்குவதுபோல் நடித்தான். "ஒன்பது மேடம். உயிரே போயிடுச்சு."

"எனக்குப் பத்தும்மா" என்றார் அவனுக்கும் பிறகு வந்து சேர்ந்த மேலாளர்.

பாவம், மனுஷனுக்கு அவ்வளவுதான் முடியும்போல என்று குமாஸ்தா இரண்டுக்கு இறங்கினான். மேலாளர் நடுவழியில் நின்று நீச்சல் கண்ணாடியைத் துடைத்தார். குமாஸ்தாவுக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. உடனே மேலாளருக்கு இரண்டு காலிலும் பிடித்துக்கொண்டது.

"இது நீச்சலா, ஊறப்போட்ட துணியா?" என்று அம்மாள் கத்தினார். "கடைசி அஞ்சு நிமிஷம். முயற்சி பத்து. முன்னால இருக்கறவர்தான் கடலுக்கு!"

விசில் ஒலித்தது. குளத்தில் விழுந்து கிடந்த இலை ஒன்று இருவரையும் தாண்டிப் போனது. குமாஸ்தா துணிந்துவிட்டான். யாருக்கும் தெரியாமல் தண்ணீருக்கடியில் கையை முன்பக்கம் தள்ளி, பின்னோக்கிப் போனான்.

வேறு வழியில்லாமல் மேலாளர் ஜெயித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டார் என்று நினைத்துக் குமாஸ்தா பலமாகக் கைதட்டினான். ஈரம்கூடத் துவட்டாமல் மனைவிக்குப் போன் போட்டான்.

"பெட்டியை எல்லாம் கட்டிட்டேன்னு வச்சுக்கோ. மாற்றல் கையில வந்த மாதிரிதான்!"

"நெஜமாவா? சத்தியமா?" மனைவியின் குரல் தழுதழுத்தது. அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த லைஃப்கார்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? கடல்னாலே நடுங்கற உங்க மேனேஜர், நீங்க மட்டும் ஜெயிச்சா இன்னிக்கே மாற்றல்ல கையெழுத்துப் போட்டுடறதாச் சொல்லி, ஒரு வாரமா என்கிட்ட மெதுவா நீந்தப் பழகிக்கிட்டிருந்தாரு!"