மாடி ரூம் மௌன சாமி வாயைத் திறந்த விவரம்

செங்கம் ரோடு, ஆசிரமத்துப் பின் தெரு,
திருவண்ணாமலை.

மதிப்புக்குரிய மச்சான் சகாதேவன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சந்திரகலாவின் வீட்டுக்காரன் கண்ணாயிரம் கும்பிட்டு எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நான், சந்திரகலா, காலேஜ் லீவில் வந்திருக்கும் எங்கள் கவியா மூவரும் சுகம். அங்கே நீங்களும், அக்காவும், மகள் எழிலரசியும், இன்னும் பேர் வைக்காத பேத்தியும் சுகம் என்று நம்புகிறேன். போன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே பேசிவிடுவீர்கள். இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

சாமியைப் பார்க்கக் குடும்பத்தோடு வரப் பௌர்ணமிக்குப் பேசி வைத்திருக்கும் வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் மாடி ரூமில் இருக்கும் மௌன சாமி, சாமி இல்லை.

கோபப்படாமல் மேலே படியுங்கள். ரெண்டு மாசம் முன்னால் எரிக் என்கிற அந்த வெள்ளைக்காரர் ரூம் கேட்டு வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினார், வாய் மேல் விரலை வைத்தார், மலையைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊரில் இப்படிச் செய்கிறவரை வேறு என்னவென்று நினைப்பது? உடுப்பெல்லாம் கறுப்பு. "மாலை போட்டிருக்காரு போலங்க" என்றாள் உங்கள் தங்கை. மாலையைக் காணோமே என்றேன். "உள்ள போட்டிருப்பாரு" என்றாள். கையில் பெரிசாகப் பச்சை குத்தியிருந்தார். அது கப்பல் நங்கூரமாம். அவர் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தபோது அது தலைகீழாகி எங்களுக்குச் சூலமாகத் தெரிந்தது. பனியனில் முள்வேலி மாதிரி பின்னிக்கொண்டு வெள்ளை எழுத்து. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் இராமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சந்தேகமே இல்ல, கிரந்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். காரம் தொடுவதில்லை. சுடுதண்ணீரும் தேனும்தான். விடிகாலையில் மூக்கால் "ம்ம்ம்" என்று ஒரு ஒலி எழுப்புவார். ஓங்காரம் கேட்கத் தெருவே எங்கள் வாசலில் வந்து நிற்கும்.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன் மச்சான். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் வீட்டு விசேஷத்தில் எனக்குக் கடைசிப் பந்திதான். "கண்டக்டர் மாப்பிள்ளதானே, நின்னுக்கிட்டே சாப்பிட்டு பழக்கம்"னு உங்க சித்தப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு. ஆனால் வீட்டில் சாமி குடியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, போன மாசக் காதுகுத்தில் நீங்களே என் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தீர்கள். கேட்காமலே ரெண்டாவது வடை வந்தது. அப்போதுதான் எல்லோர் முன்னாலும், "சாமி மௌனம் கலைக்கிறப்ப வாயில வர்ற முதல் வார்த்தைதான் என் பேத்திக்குப் பேரு" என்று அறிவித்தீர்கள். எனக்கு வாயில் பாயசம். அவர் எந்த பாஷையில் வாயைத் திறப்பாரோ என்று வந்த சந்தேகத்தையும் அதோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

போன ஞாயிறு கவியா வந்தாள். மாடிப்படியில் சாமியைப் பார்த்ததும் பையைத் தொப்பென்று கீழே போட்டாள். கும்பிடப் போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றால், "அப்பா! இவரு பெரிய பாட்டுக்காரருப்பா! இவங்க பேண்டோட புது ஆல்பம் வரப்போகுது!" என்று குதிக்கிறாள். அந்தப் பாட்டு வகைக்கு மெலோடிக் ஹார்ட்கோர் பங்க் என்று பேராம். அப்படின்னா என்னம்மா என்றேன். "கத்துவாங்கப்பா. ஆனா கத்தறதுக்குள்ள ஒரு ராகம் ஓடும்." ராகம் இருக்குதுன்னா எதுக்குக் கத்தணும்? "மனசு தாங்கல, அதான்." ஊர் ஊராகக் கத்தியதில் தொண்டை வீங்கி, டாக்டர் ரெண்டு மாசம் மூச்சு விடக்கூடாது, அதாவது பேசக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். விடிகாலை ஓங்காரம் கூட டாக்டர் சொன்ன தொண்டைப் பயிற்சிதானாம். ஏன் பேசவில்லை என்று யாருமே கேட்காத ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் என்று யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறார். சொன்னவர் விவரமானவர்.

கவியா செல்போனில் படம் காட்டினாள். சாமி மேடையிலிருந்து கூட்டத்துக்குள்ளே குதிக்கிறார், கீழே நிற்கிறவர்கள் கையில் ஏந்தி அப்படியே நகர்த்திக்கொண்டு போகிறார்கள். உங்கள் தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாருங்க, அவங்க ஊர்ல சாமிய எப்படித் தூக்கிக்கிட்டு வர்றாங்க" என்றாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க நம்மால ஆகாது.

இந்தப் புதுப் பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வெளியாகுமாம். நமக்கு ஆடி வெள்ளி, தை வெள்ளி. இவர்களுக்கு எல்லா வெள்ளியும் விசேஷம். கவியா விடாமல் இந்த வாரத்துப் புது வரவுகளை என் காதில் மாட்டிவிட்டாள். ஜப்பான்காரர்களுக்கு வேகம் ஜாஸ்தி, உருக்கம் கம்மி. அமெரிக்காக்காரர்கள் ஆரம்பத்தில் நன்றாக அழுதார்கள், பிறகு எதற்கோ அவசரப்பட்டு நிறுத்திவிட்டார்கள். பெங்களூர்ப் பிள்ளைகள் தேவலை. சிரிக்காதீர்கள், நாலு கேட்டால் ஐந்தாவது தானாகப் பிடிபடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் வாயைத் திறக்கலாம் என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு பாடாமல் நின்றிருந்ததாம். எரிக் மாடியிலேயே மைக்கை வைத்துக்கொண்டார். சத்தம் சுவரில் மோதக்கூடாது என்று எங்கள் பாய், மெத்தை, கம்பளி எல்லாவற்றையும் சுற்றி மாட்டினார். ஒரு முனையைப் பிடித்தது நான்தான். சாமி மௌனம் கலைக்கப் போகிறார் என்று தெருவுக்குச் சேதி போய்விட்டது. வாத்தியார் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். உங்கள் தங்கை கற்பூரத் தட்டோடு படியில் நின்றாள். எனக்கு உங்கள் பேத்தி ஞாபகம்தான். முதல் வார்த்தை தப்பிவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணை மூடி வாயைத் திறந்தார். மச்சான், அது வார்த்தையே இல்ல. படுகளத்தன்னிக்கு நம்ம கூத்துல துரியோதனன் தொடை ஒடஞ்சு ஒரு கத்து கத்துவாரே, அதுக்கு மேல! வேப்பமரத்துக் காக்கா மொத்தமும் மலைப் பக்கம் பறந்துடுச்சு. பக்கத்து ரூம்ல தியானத்துல இருந்த ஜெர்மன் அம்மா செருப்பு கூடப் போடாம தெருவுக்கு ஓடியாந்துட்டாங்க. கற்பூரத் தட்டு படிப்படியா உருண்டு வாசலுக்கு வந்துச்சு. வாத்தியார் மெதுவாக, "கிரந்தம் இல்ல போலிருக்கு" என்றார்.

ஆனால் ஒன்று. அந்தக் கத்து அடங்குகிற இடத்தில், அதே மூச்சில் ஒரு ராகம் எழுந்தது பாருங்கள், ஓடி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கீழே விழுந்தேன், யாரோ தூக்கி விட்டாங்க, அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது என்று பாட்டுக்கு அர்த்தமாம், கவியா சொன்னாள். சிங்காரப்பேட்டை ரூட்டில் முப்பது வருஷம் கத்தித் தொண்டையைத் தொலைத்தவன் நான். அந்தக் குரல் எங்கே வலித்துக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரியாதா? கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சந்தோஷமா இருந்துச்சு மச்சான், வேற என்ன சொல்ல.

ஆகவே முதல் வார்த்தை முடிந்துவிட்டது. அதை ஒரு பெண் குழந்தைக்குப் பேராக வைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் எந்த எழுத்தில் எழுதிக்கொள்வார்கள்? நீங்கள் வர வேண்டாம். பெரியவர்கள் பேராகப் பார்த்து அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்த விசேஷத்தில் என்னைப் பழையபடி கடைசிப் பந்திக்கு அனுப்பினாலும் வருத்தமில்லை. வடை மட்டும் மிச்சம் இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். எழிலரசிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உண்ணாமுலை அம்மன் உங்கள் எல்லோரையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
கண்ணாயிரம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளுங்கள். கவரை ஒட்டப் போகும்போது கவியா வாங்கிப் படித்துவிட்டு, நேராக மாடிக்கு ஓடி எரிக்கிடம் சொல்லிவிட்டாள். சிரிப்பார் என்று பார்த்தால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னாலயா ஒரு குழந்தை இத்தனை நாள் பேரில்லாம இருக்குது என்று கேட்டாராம். நேற்றுப் பாடிய பாட்டுக்கும் இன்னும் பேர் வைக்கவில்லையாம். அந்த ஒரு பாட்டை மட்டும் இந்த வெள்ளிக்கிழமையே முன்னால் வெளியிடுகிறார்கள். குழந்தைக்கு என்ன பேரோ அதுதான் பாட்டுக்கும் பேர், நீங்க வைக்காம நான் வெளியிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் பௌர்ணமி வரை காத்திருக்காமல் வியாழக்கிழமையே வேனை எடுங்கள். தபாலை நம்பாமல் போளூர் பஸ்ஸில் நமக்குத் தெரிந்த கண்டக்டர் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜப்பான்காரனும் சொல்ல வேண்டிய பேர், ழகரம் வேண்டாம். சாப்பாடு எங்கள் வீட்டில். முதல் பந்தியில் நீங்கள் உட்காருங்கள், பரிமாறுவது நான். பேரை மூணு தரம் குழந்தை காதில் நானே சொல்கிறேன் என்று எரிக் ரொம்ப ஆசைப்படுகிறார். அதுக்கு மட்டும் யாரும் தலையாட்டிடாதீங்க.