ஐம்பது விண்மீன்களும் ஒரு பிடி மண்ணும்

"நான் திரும்பி வரலைன்னா எனக்காகப் பாட்டெல்லாம் கட்டாதே, மெலித்தா."

"பாட்டு கட்டுறது என் தொழில். உங்களுக்குக் கட்டாம வேற யாருக்குக் கட்டுறதாம்?"

"கேட்க நான் இருக்க மாட்டேனே! உடம்பு மேல ஒரு பிடி மண் போடு, போதும். மண் விழாத ஆவி அக்கரை போக முடியாம நின்னு தவிக்குமாம்."

"கிளம்புற நேரத்துல பேசுற பேச்சா இது?" என்று அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், எலாரியாத் தீவின் துறைமுகத்தில் நடந்த பேச்சு அது. மெலித்தா யாழிசைத்துப் பாடும் கவிஞர். அவள் கணவன் தெலோன் துடுப்பு வலிப்பவன். பழங்கதை வீரர்களைப் போலத் தானும் பொன்மயிர் கொண்ட ஆட்டுத் தோலைக் கொண்டுவரப் போவதாக மன்னர் கிளம்பினார். அவர் கப்பலுக்குத் துடுப்பு வலிக்க ஐம்பது பேர் போனார்கள்.

மன்னர் வேற்று நாட்டுக் கப்பலொன்றில் திரும்பி வந்தார். கூடவே ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே பொன்தோல் இருப்பதாகவும், பார்த்தால் குடிமக்களின் கண் கெடும் என்பதால் அவர்கள் நலன் கருதிப் பெட்டி திறக்கப்படாது என்றும் அறிவித்தார்கள். ஐம்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

"ஐம்பது வீரர்களும் விண்மீன்களாகிவிட்டனர்" என்றார் புகழ்த்துறை அமைச்சர். "விண்மீனுக்கு மரணமில்லை. மரணமில்லாதவருக்காக அழுவது, அரசு பொய் சொல்கிறது என்று கூறுவதற்குச் சமம். ஆகவே இன்று முதல் ஒப்பாரி தடை செய்யப்படுகிறது."

அடுத்த மாதம் யாழ்களின் அடிநரம்புகளை அறுத்துக்கொண்டு போனார்கள். அவற்றில் சோகம் ஒலிக்கிறதாம். பிறகு, ஐம்பது வீடுகளிலும் தினமும் கணவனுக்கென்று ஒரு தட்டில் சாப்பாடு வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மாலையில் காவலர்கள் வருவார்கள். தட்டில் இருப்பதைத் தாங்களே தின்றுவிட்டு, "உங்க வீட்டுக்காரர் நல்லா சாப்பிட்டார்" என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

தீவில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஆண்டு விழாவில் வெற்றிப் பாட்டுப் பாடியவர் எதைக் கேட்டாலும் மன்னர் மறுக்கக் கூடாது. மன்னர் திரும்பிய பின் வந்த முதல் விழாவில் பாடியவள் நிக்காயா. அவள் கணவனும் அந்தக் கப்பலில் போனவன். "பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்று அவள் கேட்டாள். மன்னர் சரியென்று சிரித்தபடி தலையசைத்தார். மறுநாள் காலை, நிக்காயாவும் விண்மீனாகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அவள் மாமியார் இப்போது இரண்டு தட்டு வைக்கிறாள்.

அடுத்த ஆண்டிலிருந்து மெலித்தாவைப் பாடச் சொன்னார்கள். பாடி முடித்ததும் மனதில் இருப்பதைக் கேட்டுவிடத்தான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பாள். "ஒரு ஜாடி ஒலிவ எண்ணெய்" என்று நாக்கு சொல்லிவிடும். நான்கு விழாக்களின் நான்கு ஜாடிகள், மூடி திறக்கப்படாமல் வீட்டு மூலையில் நின்றன.

இந்த ஆண்டு துறைமுகத்துக்குப் புதுக் கப்பல் வந்தது. மன்னர் பலதலைப் பாம்பைக் கொல்லப் புறப்படுகிறார். மறுபடியும் ஐம்பது பேர் வேண்டும்.

"அம்மணி, தங்கள் பாட்டு முடிவதற்குள் ஐம்பது பேரும் உற்சாகமாகக் கப்பல் ஏறியிருக்க வேண்டும்" என்றார் அமைச்சர். "விண்மீன்களைச் சற்று விரிவாகவே பாடுங்கள். எண்ணெய் ஜாடி தயாராக இருக்கிறது."

மெலித்தா பாடினாள். அறுந்த நரம்பு இருந்த இடத்தை விரல் தன்னையறியாமல் தேடியது. கப்பல் ஏறும் வரிசையில் நின்ற ஒருவன் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னான். அந்தப் பெண் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

யாழ் நின்றது.

"அதற்குள் முடிந்துவிட்டதா?" என்றார் மன்னர். "சரி, வழக்கப்படி கேள். எண்ணெய்தானே?"

காவலர்கள் ஜாடியைத் தூக்கி வந்தார்கள். கூட்டத்தில் நின்ற நிக்காயாவின் மாமியார், கேட்க வேண்டாம் என்று மெலித்தாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள்.

"எண்ணெய் வேண்டாம், அரசே" என்றாள் மெலித்தா. "என் கணவரின் உடல் எங்கே கிடக்கிறது என்று சொல்லுங்கள். அதன் மேல் ஒரு பிடி மண் போட வேண்டும்."