பத்து மூக்குக்கும் ஒரே எண்

"பத்துக் குழந்தைக்கும் அறுபத்திரண்டா?" பேராசிரியர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலாவது வேறு எண் இருக்கும் என்ற நப்பாசை. "ஒண்ணை எண்ணிட்டு மிச்சத்துக்கு அதையே எழுதிட்டியாம்மா?"

"சத்தியமா இல்லை சார். மெஷின் அப்படித்தான் காட்டுது."

ஆராய்ச்சி மாணவி மெஷினைக் கை காட்டினாள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கிய குழந்தைகள் வாயைப் பிளந்து தூங்குவார்கள், பெரியவர்கள் தோற்கும்படி குறட்டை விடுவார்கள். அப்படி அறுவை செய்து எடுத்த பத்துச் சதைகளைக் கரைத்து, பத்துக் குழாய்களில் வைத்திருந்தாள். நோயோடு மல்லுக்கு நிற்கும் அணுக்கள் நூற்றுக்கு எத்தனை, "போதும் விடுப்பா" என்று அவற்றை அடக்கும் அணுக்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். சின்ன வீக்கத்துக்கு ஒரு விகிதம், பெரிய வீக்கத்துக்கு வேறு விகிதம் என்று வந்தால்தான் நான்கு வருட உழைப்புக்குப் பட்டம். வெள்ளிக்கிழமை இயக்குநர் முன்னால் பேச வேண்டும். அன்று புதன்கிழமை.

மெஷினைக் கழுவிவிட்டு மறுபடி எண்ணினாள். பத்தும் அறுபத்திரண்டு புள்ளி நாலு. இதுவரை முழு எண்தான் ஒத்துப்போனது. இப்போது தசமமும் சேர்ந்துகொண்டது.

மெஷின்காரரை வரவழைத்தாள். அவர் அரை நாள் குடைந்து பார்த்தார்.

"மேடம், இவ்வளவு சுத்தமா ஓடுற மெஷினை நான் பார்த்ததே இல்லை!"

அதை எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தத் தாள் நேராகப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தது.

"மெஷின் பொய் சொல்லலை. அப்ப யாரும்மா சொல்றா?"

"நீங்களே எண்ணிப் பாருங்க சார்!" ரோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மெஷினைத் தொட்டுப் பல வருடமான பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். குழாய்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. "உன் வேலையில ஒழுங்கு இருக்கு, அதை ஒத்துக்கறேன். பத்தும் ஒரே மட்டத்துல நிக்குது."

அந்த ஒழுங்கு அவளுக்கே புதிதாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பாராட்டுவதே அபூர்வம், அதில் போய்க் காரணம் கேட்பானேன் என்று சும்மா இருந்துவிட்டாள்.

அவருக்கும் அறுபத்திரண்டு புள்ளி நாலுதான் வந்தது. பத்து முறையும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியவர், திடீரென்று துள்ளி எழுந்தார்.

"நாமதான் இத்தனை நாள் தப்பா தேடியிருக்கோம்! வீக்கம் சின்னதோ பெருசோ, விகிதம் மாறவே மாறாது! இது புது விதிம்மா!"

வெள்ளிக்கிழமை அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. அவளைக் கண்டாலே உதட்டைச் சுழிக்கும் பக்கத்து ஆய்வகத்துக்காரர்கூட எழுந்து நின்று தட்டினார். இயக்குநர் கையைக் குலுக்கி, "இந்த விதிக்கு உன் பேரையே வெச்சிடலாம்மா" என்றார். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வெளியே ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, ஜெயிச்சுட்டேன்!" என்று அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

கேக் வந்தது. வெட்டும் பொறுப்பு, ஆய்வகத்தில் குழாய்கள் கழுவும் அக்காவுடையது. முப்பத்தோரு பேருக்கு முப்பத்தோரு துண்டு, ஒன்றுக்கொன்று இம்மியும் வித்தியாசமில்லை. இயக்குநர் அசந்துபோனார்.

"எப்படிம்மா இவ்வளவு கச்சிதமா வெட்டுறீங்க?"

அக்காவுக்கு வெட்கமும் பெருமையுமாக வந்தது.

"மூணு புள்ளைங்களை வளர்த்தவ சார், ஒண்ணுல கூட ஒண்ணுல குறைய இருந்தா எனக்கு மனசு ஆறாது. செவ்வாய்க்கிழமை இந்தப் பாப்பா சாப்பிடப் போயிருந்தப்ப பார்த்தேன், அந்தப் பத்துக் குழாயில ஒண்ணு தளும்புது, ஒண்ணு அடியோட கிடக்குது. நான்தான் எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல ஊத்திக் கலக்கி, பத்துலயும் சரிசமமா நிரப்பி வெச்சேன்!"