முழு உருண்டை போடாத முசே

1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு குறிப்புதான். மெஸ் வாசலில் தொங்கிய கரும்பலகையிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்தது: ‘இன்று புலெத். நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் உட்காரவும்.’

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊரில் யார் யாரோ எதன் எதன் மேலோ நம்பிக்கை இழந்திருந்தார்கள். ஆனால் தான் சமைத்த சாப்பாட்டின் மேலேயே நம்பிக்கை இழந்து, அதைப் பலகையில் எழுதி வாசலிலும் மாட்டிய சமையல்காரர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர்தான் எங்கள் சந்தேக முசே. ‘முசே’ என்பது அந்நாளில் புதுச்சேரி கொடுத்த மரியாதை. ‘சந்தேகம்’ நாங்கள் சேர்த்தது. சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சமைத்துவிட்டு 1955இல் ஊர் திரும்பியவர். நெல்லித்தோப்பில், தன் வீட்டு முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு, எங்களைப் போன்ற தனிக்கட்டைகளுக்குச் சாப்பாடு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தால் புலெத். அதாவது மாட்டுக்கறியை அரைத்துச் செய்யும் உருண்டை. வாரத்தில் ஆறு நாள் சாதாரண மனிதராக இருப்பவர், ஏழாம் நாள் அரைத்த கறியைக் கண்டால் மரண தண்டனை பெற்றவரைப் போல ஆகிவிடுவார்.

கசாப்புக்கடை பாய்க்கு அவரைக் கண்டாலே தலைவலி. கறியைத் திருப்பிப் பார்ப்பார், முகர்வார், விரலால் அழுத்துவார்.

“இன்னா முசே, கறி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

“முழுத் துண்டா குடு பாய்.”

“கொத்துக்கறிதானே? நானே கொத்திக் குடுக்கறேன்.”

“உன் கத்தி நேத்து எதை வெட்டுச்சுன்னு உனக்கே தெரியாது. முழுசா இருந்தா அழுக்கு வெளியேவே நிக்கும், நெருப்பு பாத்துக்கும். அரைச்சிட்டா அது உள்ள போயி குடும்பம் நடத்தும்.”

“அப்போ அரைக்காமலே திங்கறது!”

இந்த எளிய யோசனை அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று நானும் நெடுநாள் மலைத்திருக்கிறேன்.

மரத்தூளில் புதைத்த ஐஸ்கட்டியை வாங்கி, தூக்குவாளியில் கறியைச் சுற்றி அடுக்கிக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வருவார். சைகோனிலிருந்து கொண்டுவந்த, கறி அரைக்கும் கைமெஷினைக் கழற்றி, திருகு முதல் பிடி வரை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைப்பார். கறிக்கு ஒரு பலகை, வெங்காயத்துக்கு வேறு பலகை. ஒன்றின் கத்தி இன்னொன்றின் பக்கம் போனால் அவருக்கு வியர்த்துவிடும்.

“முசே, அண்டாவுல இன்னா, சூப்பா?” என்பான் அந்தோணி. தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவன், என் அறைத் தோழன், பசி தாங்காதவன்.

“மெஷின்.”

“மெஷின் வெந்துடுச்சுன்னா அதையாவது போடுங்க முசே.”

உருண்டைகள் இலைக்கு வரும்போது ஒன்றுகூட முழுசாக இருக்காது. ஒவ்வொன்றையும் கத்தியால் இரண்டாகப் பிளந்து, வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, சிவப்பு துளியும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் போடுவார். அதிலும் திருப்தியில்லாமல் பாதிகளை மறுபடி சட்டியில் போட்டு வாட்டுவார். சாறு முழுவதும் அடுப்புக்குப் போய்விடும். எங்களுக்கு ஓடு வரும். மிச்சத்தை மாலைக்கு எடுத்துவைக்கும் பேச்சே கிடையாது. அந்தோணி ஒருமுறை இரண்டு பாதிகளைக் காகிதத்தில் சுற்றி அறைக்குக் கடத்தினான். முசே தேடி வந்து, பிடுங்கிக்கொண்டு போய், கொல்லை முருங்கை அடியில் புதைத்தார். அந்த முருங்கை எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டது.

சாப்பிட்டதோடு முடிந்ததா? மறுநாள் என் அலுவலக ஜன்னலில் முசேயின் முகம் தெரியும். “தம்பி, வயித்துல எதுனா தெரியுதா?” எனக்கு ஏதோ பெரிய நோய் என்று மேலதிகாரி முடிவு செய்து, வேலையைக் குறைத்துக் கொடுத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக மெஸ்ஸை விட்டு ஓடினார்கள். கடைசியில் நானும் அந்தோணியும்தான் மிஞ்சினோம். வெளியே எங்கே சாப்பிட்டாலும் அந்தோணிக்கு வயிறு கெட்டது. முசேயிடம் சாப்பிட்டு எங்களுக்கு ஒரு கெட்ட ஏப்பம்கூட வந்ததில்லை.

காரணத்தை அவரே சொன்னார். மெஷினைச் சுற்றிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல்.

“சைகோன்ல எங்க கல்யாண நாளுக்குப் புலெத் போட்டேன். காலையில அரைச்ச கறி. அந்த வெயில்ல மத்தியானம் வரைக்கும் அப்பிடியே கெடந்துச்சு. மேல நல்லா செவந்துச்சு, உள்ள வேகல. மதாம்தான் மொதல்ல சாப்பிட்டா. பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரி. சாமியாரை வரவழைச்சு, சாவப்போறவங்களுக்குக் குடுக்கற அவஸ்தை பூசுதலே குடுத்துட்டாங்க.”

“அப்புறம்?” என்றேன்.

“பொழச்சா. பொழச்சு வந்து ஒரே வார்த்தை சொன்னா. உன் கையால இனிமே ஒரு வாய் தண்ணிகூட வாணாம்னு.”

அவர் கப்பலேறியபோது அவர் மனைவியான அந்த மதாம் வரவில்லை. சைகோனிலேயே அண்ணன் வீட்டில் தங்கிவிட்டார். அன்று அந்தோணி காய்ந்த பாதிகளை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றான்.

1958இல் ஈஸ்டர் முடிந்து சில நாளில் செய்தி வந்தது. அண்ணன் குடும்பம் பிரான்சுக்குப் போகிறது. மதாமும் கூடப் போகிறார். போகும் வழியில் உழவர்கரையில் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் தங்குவார். ஒரு நாள் இங்கேயும் எட்டிப் பார்ப்பார்.

“அவ என் கையால ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கப்பலேறினா போதும்” என்றார் முசே. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, கடவுளிடம்கூட.

அதன் பிறகு நாங்கள் பட்டது எங்கள் எதிரிக்கும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் ஒத்திகை. பயத்தில் அவர் கரியாக்கிய முதல் ஈடைக் கையில் உருட்டிப் பார்த்த அந்தோணி, “இத அரிக்கமேட்டுல தோண்டினதுன்னு சொல்லி மியூசியத்துல வெக்கலாம் முசே” என்றான். முசே அழுதுவிட்டார். ‘வெந்தால் கல்லாகிறது, கல்லாகாவிட்டால் வேகவில்லை’ என்று அன்றைய பலகையில் எழுதினார். அந்த வருஷம் நான் படித்த எந்தத் தத்துவ நூலும் என்னை அவ்வளவு சோர்வடையச் செய்யவில்லை.

ஆனால் மனிதர் விடவில்லை. நேற்றைய ரொட்டியின் உள்பக்கத்தைப் பாலில் ஊறவைத்துக் கறியோடு சேர்த்தார். சப்பாத்தி மாவு போலப் பிசைவதை நிறுத்தி, கைக்குழந்தையைத் தொடுவது போலத் தொட்டார். உருண்டையைச் சின்னதாக்கி, லேசாகத் தட்டையாக்கினார். மேலே கருகுவதற்குள் சூடு நடுவுக்குப் போனது. பிறகு கொஞ்சம் சாறு விட்டு, மூடி, சிறு தீயில் விட்டார். பிளந்தபோது உள்ளே சிவப்பு இல்லை, ஈரம் இருந்தது. அப்படி ஒரு புலெத்தை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. பாதி பாதியாகத்தான் என்றாலும். அந்தப் பிளக்கிற பழக்கத்தை மட்டும் எங்களால் நிறுத்த முடியவில்லை.

“மதாமுக்காவது முழுசா வையுங்க முசே. கடிச்சு வெச்ச எச்சில் மாதிரி தெரியும்” என்று அந்தோணி கெஞ்சினான். முசே கேட்கவில்லை.

1958 ஜூன் 15, ஞாயிறு. மதாம் ரிக்ஷாவில் தனியாக வந்து இறங்கினார். ஒடிசலான உருவம், கையில் கறுப்புக் குடை. தட்டில் ஆறு புலெத், அதாவது பன்னிரண்டு பாதிகள், அடுக்கிவைத்தது நான். எங்கள் இரண்டு பேரையும் முசே கொல்லைக்கு விரட்டிவிட்டார். ஜன்னல் வழியாகக் குரல்கள் மட்டும் கேட்டன.

“இன்னாங்க இது, எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு?”

“உள்ள வெந்துச்சான்னு பாத்தேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஒண்ணைப் பாத்தா போதாதா? ஒரே சட்டிதானே.”

“அன்னிக்கு ஒண்ணைத்தான் பாத்தேன்.”

அந்தோணி முருங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு மதாமின் குரல். “கப்பல்ல வந்ததுலேர்ந்து வயிறு சரியில்ல. கொஞ்சம் காப்பி இருந்தா குடுங்க.”

முசே சமையலறைக்கு வந்து எங்களைக் கூப்பிட்டார். அடுப்பு அணைந்திருந்தது. நான் ஊதினேன், அந்தோணி தண்ணீர் இறைத்தான், முசே காப்பிப்பொடி டப்பாவைத் திறக்கத் தெரியாமல் திருப்பிக்கொண்டிருந்தார். முன்னறையில் மதாம் தனியாக இருந்தார். தெருக்கதவு திறந்திருந்தது.

காப்பியைக் குடித்தார். “போயிட்டு வரேன்” என்றார். ரிக்ஷா போய்விட்டது.

முசே தட்டை எங்கள் முன்னால் வைத்தார். “சாப்பிடுங்க தம்பி. மதாமுக்கு வயிறு சரியில்லியாம்.” அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தட்டைப் பார்த்தேன். பார்த்தவுடன் எண்ணுவது என் வியாதி.

“முசே, பதினொண்ணுதான் இருக்கு.”

அவர் எண்ணினார். தட்டைத் திருப்பி வைத்து எண்ணினார். அந்தோணியை எண்ணச் சொன்னார். மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினார், பெஞ்சுகளை நகர்த்தினார், வாசலில் ரிக்ஷா நின்ற இடம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“நீ எடுத்தியாடா?”

“மாதா சத்தியமா இல்ல முசே. நான் கெணத்தாண்ட இருந்தேன்.”

“பூனை கீனை வந்துச்சா?”

அந்தோணி திறந்திருந்த தெருக்கதவைப் பார்த்தான். முசே பெஞ்சில் உட்கார்ந்து, பதினோரு பாதிகளையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

மதாம் அந்த மாதமே கப்பலேறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகையில் ‘இன்று புலெத்’ என்று மட்டும் இருந்தது. எங்கள் இலையில் முழு உருண்டைகள் விழுந்தன. அந்தோணி தொடப் பயந்து, தானே ஒன்றைப் பிளந்து பார்த்தான். முசே அவன் தலையில் குட்டினார்.

1962இல் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகும்வரை அங்கேதான் சாப்பிட்டேன். அந்தப் பன்னிரண்டாவது பாதி யார் வயிற்றுக்குப் போனது என்பதை மட்டும் என்னால் இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பூனை இருந்தது உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அந்தோணி அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். முசே குழம்புச் சட்டியோடு பக்கத்திலேயே நின்றார். பெஞ்சுக்கு அடியில் அந்தோணியின் காலை நான் ஓங்கி மிதித்தேன்.