ரெட்டை ஸ்டெபிலைசர் மாட்டிய வகையில் மச்சானுக்குத் தெரியப்படுத்துவது

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி.

பெருமதிப்பிற்குரிய மச்சான் திரு. வேலாயுதம் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை செண்பகத்தின் வீட்டுக்காரன் தணிகாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. நெமிலியில் தாங்களும், மோகனா அக்காவும், தங்கள் சர்க்கரையும் ஒரு நிலையில் இருப்பதாக நம்புகிறேன். இங்கு நான், தங்கள் தங்கை, பிக்கப் வண்டி ஆகிய மூவரும் நலம். அதில் மூன்றாவது ஆள் ரொம்ப ரொம்ப நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று தாங்கள் கேட்கலாம். மூன்று முறை முயன்றேன். நான் "மச்சான்" என்கிறேன், தாங்கள் "ம்ம்" என்கிறீர்கள். அந்த "ம்ம்" காதில் விழுந்ததும் சொல்ல வந்தது மொத்தமும் மறந்துபோய், "அக்கா நல்லா இருக்காங்களா" என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அக்கா மூன்று முறையும் நன்றாகத்தான் இருந்தார்கள். கடிதத்தில் நடுவில் யாரும் "ம்ம்" போட முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி மாதம் விரிஞ்சிபுரத்தில் நடந்த காதுகுத்துக்குப் பெண்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட, ஆம்பூர் வந்திருந்த தாங்கள் என் வண்டியில், என் பக்கத்து சீட்டில் அமர்ந்து வந்தீர்கள். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காமல் ரிட்டையர் ஆனவர் பக்கத்தில் உட்கார நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் மாதனூர் தாண்டியதும் ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது. பள்ளிகொண்டா கிட்ட வந்தப்போ ஜாஸ்தியாவே ஆடுச்சு. இல்லாத பிரேக்கைத் தாங்கள் வலது காலால் மிதிமிதி என்று மிதித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். பந்தியில எண்பது பேர் உக்காந்து சாப்பிடும்போது, "தணிகாசலத்துக்குக் கை ஆடுது. இனிமே அவரு வண்டி ஓட்டக்கூடாது. வாணியம்பாடி சுஹேல் அகமது ஒரு பிக்கப் கேட்டுட்டிருக்காரு. பதினஞ்சாம் தேதி வந்து எடுத்துட்டுப் போவட்டும்"னு தீர்ப்பு சொல்லிட்டீங்க. அப்போ என் வாயில வடை இருந்துச்சு. அதை முழுங்கறதுக்குள்ள பாயசம் வந்துடுச்சு, தீர்ப்பும் நிலைச்சுப் போச்சு.

மச்சான், இருபத்திரண்டு வருஷமா ஆம்பூர்ல இருந்து ராணிப்பேட்டைக்கும், ராணிப்பேட்டையில இருந்து ஆம்பூருக்கும் தோல் ஏத்தியே வாழ்ந்தவன் நான். உப்பு போட்ட பச்சைத் தோல், பதம் பண்ண தோல், ஷூவா தைச்சு பொட்டியில அடைச்ச தோல், எல்லாம் என் முதுகுக்குப் பின்னால தான் போயிருக்கு. அந்த ஸ்டீயரிங்கை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு இலையை மடிச்சுட்டுக் கை கழுவப் போன இடத்துல எனக்கு அழுகை வந்துச்சு. தண்ணி தெறிச்சுடுச்சுன்னு சொல்லி சமாளிச்சேன்.

அதுக்கப்புறம் பட்ட பேஜாரை எழுதணும்னா நோட்டு பத்தாது. உங்க தங்கச்சி எனக்கு டம்ளர்ல முக்கால் காபி தான் கொடுக்கறா, முழுசா ஊத்தினா தளும்புமாம். சலூன்காரரு ஷேவிங் முடிச்சதும் கண்ணாடியை என் கையில குடுக்காம அவரே புடிச்சுக்கிட்டாரு. காய்கறிக்காரம்மா தக்காளிப் பையை என் தோள்ல மாட்டி விடுது. எண்பது பேர் கேட்ட செய்தி எட்டாயிரம் பேருக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆவும்? உங்க தங்கச்சி என்னை வேலூருக்கு ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவர் ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, மேல ஒரு வெள்ளைப் பேப்பரை வச்சு, எதிர்ல உக்காந்து பார்த்தாரு. ஃபேன் காத்துல பேப்பர் பறந்துச்சே தவிர, கை அசையல. "உங்க கை ஆசாரி கை மாதிரி இருக்கு, எதுக்கு வந்தீங்க?"ன்னு அவர் என்னைக் கேட்டாரு. வெளியில வந்ததும் உங்க தங்கச்சி, "அவரா உங்களோட வண்டியில வரப்போறாரு?"ன்னு ஒரே வார்த்தையில டாக்டரைத் தள்ளுபடி பண்ணிட்டா.

சரி, கை இல்லன்னா வண்டிதானேன்னு நம்ம மெக்கானிக் கவுஸ் பாஷா கிட்ட போனேன். பாஷா வண்டியை எடுத்துட்டு பைபாஸ்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து, "ஆடலயே அண்ணா"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "உன்னைப் பார்த்தா எல்லா வண்டியும் ஒழுங்காத்தான்யா ஓடும், அடியில படுத்துப் பாரு"ன்னேன். படுத்தாரு. ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, எதிர்க்கடை டீ மாஸ்டர் ஓடி வந்துட்டாரு. ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் செத்துப் போயிருக்கு! உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் அக்கா படிப்பாங்கன்றதுக்காக எழுதறேன். அது ஷாக் அப்சார்பர் மாதிரி ஒரு குழாய். ஸ்டீயரிங் ராடுக்கும் சேசிஸுக்கும் நடுவுல படுத்திருக்கும். சக்கரம் பள்ளத்துல விழுந்து உதறும்போது அந்த உதறல் நம்ம கைக்கு வராம அது வாங்கிக்கும். இருபது வருஷமா தோல்ல இருந்து சொட்டின உப்புத்தண்ணி அதை அரிச்சு, உள்ளே இருந்த ஆயில் ஒரு சொட்டு மிச்சமில்லாம ஒழுகிப்போச்சு. நான் அதைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு ஓடி, "கை இல்லடி, குழாய்! குழாய்!"னு கத்திக்கிட்டே உங்க தங்கச்சி முன்னால வச்சேன். வச்ச இடம் தோசைக்கல்லுன்னு அப்புறம் தான் பார்த்தேன்.

பொங்கலுக்கு உங்களை நெமிலியில கொண்டு வந்து விட்டப்பவும் இப்படித்தான் ஆடுச்சு. அன்னைக்கு ரோடு சரியில்லன்னு நினைச்சேன். வியாதி பழசுன்னு அதுலயே தெரியுதா இல்லையா?

பழைய மாதிரியே ஒண்ணு வாங்கி மாட்டினா போதும்னு பாஷா சொன்னாரு. "பாய், ஒண்ணு வண்டிக்கு, இன்னொண்ணு எங்க மச்சானுக்கு. ரெண்டா போடு"ன்னேன். கோயம்புத்தூர்ல இருந்து கேஸ் அடைச்ச கனமான ஜோடி வந்துச்சு. பக்கத்துக்கு ஒண்ணா, மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, பாக்கவே அம்சம். ஆனா கூட வந்த ரப்பர் புஷ், அதாவது குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவுல உக்கார்ற வளையம், நாலும் நம்ம வண்டி போல்ட்டுக்கு லூசு. புஷ் சரியா உக்காரலன்னா ஸ்டெபிலைசர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. வேற அளவு வரணும்னா பத்து நாள் ஆவுமாம். அதுக்குள்ள பதினஞ்சாம் தேதி வந்துடும், சுஹேல் அகமது வந்து சாவியை வாங்கிடுவாரு. நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன்.

பாஷாதான் சொன்னாரு: "ஆம்பூர்ல பொறந்துட்டு ரப்பர் இல்லன்னு அழுவறியே அண்ணா, வெக்கமா இல்ல?" அவ்ளோதான்! ஷூவுக்கு அடிப்பாகம் போடற எருமைத் தோலை வட்டம் வட்டமா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல துளை போட்டு, இறுகணும்னு ஒரு பகல் முழுக்க மீன் எண்ணெயில ஊற வச்சு, நாலு புஷ் பண்ணோம். போல்ட்டுல போட்டா சும்மா கிண்ணுன்னு உக்காந்துச்சு. எந்தக் கம்பெனிக்காரன் இப்படி ஒரு புஷ் பண்ணியிருக்கான் சொல்லுங்க? வாடை கொஞ்சம் ஜாஸ்தி, அது ஒண்ணுதான் குறை. நேத்து சாயங்காலம் மாட்டி முடிச்சு, கற்பூரம் காட்டி, வண்டியை வாசல்ல நிறுத்தினேன்.

இன்னைக்குக் காலைல பரிட்சை. அதுவும் எப்படிப்பட்ட பரிட்சை! ஷூ கம்பெனியில தரம் பாக்கற ஷர்மிளா மேடம் பத்து மணிக்கு ராணிப்பேட்டை யூனிட்ல வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நிக்கணும். கம்பெனி கார் ஸ்டார்ட் ஆவல. சாம்பிள் பொட்டியை ஏத்திக்கிட்டிருந்த என் வண்டியில, "அண்ணா, நானும் வர்றேன், சீக்கிரம்"னு ஏறிட்டாங்க. நான் முருகான்னு எடுத்தேன். மாதனூர் போச்சு, ஆடல. பள்ளிகொண்டா போச்சு, ஆடல. எழுபதுல போறேன் மச்சான், ஸ்டீயரிங் செதுக்கி வச்சாப்ல நிக்குது! விரிஞ்சிபுரம் தாண்டும்போது அந்தப் பந்தி ஞாபகம் வந்து, எண்பது பேருக்கும் கேக்கட்டும்னு ஒரு ஹாரன் அடிச்சேன். வேலூர் தாண்டினதும் மேடம் கைப்பையில இருந்து கண்ணாடியை எடுத்தாங்க. மை டப்பாவை எடுத்தாங்க. "மேடம், வண்டி ஓடுது"ன்னேன். "ஓடுதா? நின்னுட்டிருக்குன்னு நினைச்சேன்"னாங்க. எழுபது ஸ்பீடுல, ரத்தினகிரிக்கும் மேல்விஷாரத்துக்கும் நடுவுல, ரெண்டு கண்ணுக்கும் மை போட்டாங்க! ஒரு கோடு கூட இழுவல. எனக்கு இருந்த சந்தோஷத்துல வண்டியை நிறுத்திட்டு இறங்கி ஆடலாம் போல இருந்துச்சு.

இறங்கும்போது வெக்கத்தை விட்டு மேடத்துகிட்ட எல்லாக் கதையும் சொல்லி, எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கம்பெனி தாள்ல எழுதிக் குடுத்தாங்க. "இன்று திரு. தணிகாசலம் ஓட்டிய வண்டியில், ஓடும்போதே கண்ணுக்கு மை இட்டேன். கண்கள் இரண்டும் ஒரே மாதிரி உள்ளன. இப்படிக்கு, ஷர்மிளா." ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன். ஒரிஜினலை பிரேம் போடக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே மச்சான் அவர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டு. சுஹேல் அகமதுவிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று தாங்களே சொல்லிவிட வேண்டும். அடுத்து நம் சொந்தத்தில் எந்த விசேஷம் வந்தாலும், எண்பது பேருக்குக் குறையாத பந்தியில், "ஆடினது தணிகாசலம் கை இல்லை" என்று தாங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் வடையைக் கையில் எடுப்பதற்கு முன் சொன்னால் நல்லது.

உங்க தங்கச்சி இன்னைக்கு சாயங்காலம் டம்ளர் நிறைய காபி குடுத்தா. வச்சுட்டுப் போய்ட்டா. நான் ஒரு சொட்டு சிந்தாம குடிச்சேன்.

மோகனா அக்காவுக்கு என் வணக்கமும், தங்கள் பாதங்களுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரமும் உரித்தாகுக. தாங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நூறாண்டு இருந்து எங்களுக்கு ஆசி வழங்க விரிஞ்சிபுரத்து ஈசனை வேண்டும்,

தங்கள் கை ஆடாத மச்சான்,
தணிகாசலம்.

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதறேன்.

காலைல பாஷா போல்ட் இறுக்கிப் பாக்கணும்னு வந்து அடியில படுத்தாரு. போனவரு வெளியே வரவே இல்ல. நானும் பக்கத்துல படுத்துப் பார்த்தேன். நாலு புஷ்ல ஒண்ணு கூட இல்ல. ரெண்டு ஸ்டெபிலைசரும் போல்ட்டை விட்டுக் கழண்டு, ஆக்சில் மேல நிம்மதியா தூங்குது. பல்லு பதிஞ்ச ஒரு தோல் துண்டு மட்டும் கிடந்துச்சு. உங்க தங்கச்சியைக் கேட்டா, வெள்ளிக்கிழமை விடியறப்போ கோலம் போடும்போது தெருவுல திரியற செவலை நாய் வண்டிக்கு அடியில இருந்து தோலைக் கவ்விக்கிட்டுப் போச்சாம், திரும்பி வந்து மறுபடியும் எடுத்துட்டுப் போச்சாம். "ஏண்டி வெரட்டல?"ன்னேன். "ஆம்பூர்ல தோலைக் கவ்விட்டுப் போற நாயை எவ வெரட்டுவா?"ன்னா. அதுவும் நியாயம்தான். மீன் எண்ணெயில ஊற வச்சு விருந்து போட்டது நாங்க ரெண்டு பேரும்.

அப்போ நான் மேடத்தை ஏத்திக்கிட்டு ராணிப்பேட்டை போய்ட்டு வந்தது ஸ்டெபிலைசரே இல்லாமத்தான். எழுபதுல போனப்பவும் இல்ல, மை போட்டப்பவும் இல்ல. வண்டியில குறை இல்ல. கையில குறை இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. "அப்போ ஆடினது இன்னாதான் பாய்?"னு கேட்டேன். பாஷா துணியில கையைத் துடைச்சுக்கிட்டே எங்கேயோ பார்த்தாரு. உங்க தங்கச்சிதான், "காதுகுத்துக்குப் போறப்போ ஆடுச்சு, பொங்கலுக்கு நெமிலி போறப்போ ஆடுச்சு. வேற என்னைக்காவது ஆடியிருக்கா?"ன்னு கேட்டா. யோசிச்சுப் பார்த்தேன். இல்ல. "ரெண்டு தடவையும் பக்கத்து சீட்டுல யாரு?"ன்னு கேட்டுட்டு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே ஓடிட்டா. பாஷா மறுபடியும் வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு சிரிக்கறாரு. வண்டி குலுங்குது.

மச்சான், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நான் வாயைத் திறந்து சொன்னதில்ல. இப்பவும் எழுதறதாலதான் சொல்ல முடியுது. நீங்க நல்லவரு, எங்களுக்குப் பெரியவரு, ஆனா உங்களைப் பார்த்தா எனக்கு பயம். வண்டியை விக்கறதா இல்ல. பதினஞ்சாம் தேதி அக்காவைக் கூட்டிக்கிட்டு அவசியம் சாப்பிட வாங்க, கோழி அடிக்கறோம். பஸ்ல வாங்க.